முட்டைக்கும் வரி

சந்தை வாசல் பலகையில், "உள்ளே கொண்டுவரும் பொருளுக்கு வரி உண்டு" என்று எழுதியிருந்தது. பாவாயி கோழிக்கு வரி கட்டிவிட்டுத்தான் உள்ளே போனாள். போன இடத்தில் கோழி முட்டையிட்டது.

வரி வசூலிக்கும் நாச்சிமுத்துவுக்கு அதையும் விட மனசில்லை. "முட்டைக்கும் வரி எடும்மா!"

"நான் கொண்டுவரலீங்க, இங்கதான் பொறந்துச்சு. சட்டத்துல இல்லாத வரியை வாங்கக்கூடாதுன்னு அரசியல் சாசனமே சொல்லுதுங்க."

"எனக்கே சாசனமா? தலைவர்கிட்டயே கேட்கறேன்!"

முட்டையைப் பிடுங்கிக்கொண்டு, வாசலுக்கு வெளியே ஜீப்பில் இருந்த பஞ்சாயத்துத் தலைவரிடம் ஓடினார்.

தலைவர் சீறினார். "தேர்தல் நேரத்துல முட்டைக்கு வரியா? பலகையில இருக்கறபடி மட்டும் வாங்குய்யா!"

முட்டையும் கையுமாகத் திரும்பியவரை வாசலிலேயே மறித்து, பாவாயி பலகையைக் காட்டினாள்.

"இப்பக் கொண்டுவர்றது நீங்கதானுங்க. வரியைக் கட்டிட்டு உள்ள வாங்க."