ஆந்தை தலையைத் திருப்பிய கதை

அந்தக் காலத்தில், பறவையும் அணிலும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து வாயடித்துக்கொண்டிருந்தபோது, ஆந்தையின் கண்கள் எல்லாப் பக்கமும் உருளும். ஆலமரத்துப் பள்ளியில் வேலப்பன் என்றோர் ஆந்தைக் குஞ்சு படித்தான். சேட்டைக்காரப் பயல், ஆனால் தங்கமான பிள்ளை. பக்கத்தில் உட்காரும் அணில் செவ்வந்தி என்றால் அவனுக்கு உயிர்.

ஒருநாள் அவனுக்குப் பாறையில் உரியும் பளபளப்பான காக்காப்பொன் தகடு ஒன்று கிடைத்தது. அசைத்தால் உள்ளே ஒளிப்பொட்டுகள் ஓடும், பள்ளம் தாண்டும், விழுந்தால் மறுபடி முதலிலிருந்து ஓடும். அவ்வளவுதான்! இரையும் வேண்டாம், தூக்கமும் வேண்டாம், செவ்வந்தியும் வேண்டாம்.

நாரை வாத்தியார் தகட்டைப் பிடுங்கினார். மறுநாள் வேலப்பன் இறக்கைக்குள் இன்னொன்று. சில நாள் கழித்துத்தான் கண்டுபிடித்து அதையும் பிடுங்கினார். அன்று மதியம் செவ்வந்தி எட்டிப் பார்த்தால், வாத்தியாரே குளத்தங்கரையில் மீனை மறந்து தகட்டை ஆட்டிக்கொண்டிருக்கிறார்!

"என்ன சார், நீங்களுமா?"

வாத்தியாருக்கு முகம் தொங்கிப்போயிற்று. "என்னாலயே விட முடியல. பச்சப் பிள்ளையத் திட்டி என்ன பண்ண?" என்று இரண்டையும் குளத்தில் எறிந்தார்.

இருவரும் வகுப்புக்குத் திரும்பினால், வேலப்பன் அழுதுகொண்டிருந்தான். நாள்கணக்காக ஒரே இடத்தில் உட்கார்ந்து கால் மரத்துவிட்டது. தகட்டையே வெறித்து வெறித்துக் கண்களும் நேரே குத்திட்டு நின்றுவிட்டன.

"செவ்வந்தி, எங்கடி இருக்க? கண்ணு அசைய மாட்டேங்குதே!"

"பக்கத்துலதான்டா இருக்கேன். இத்தனை நாளும் இங்கதான் இருந்தேன்."

பாவம், வாத்தியாருக்கே கண் கலங்கிவிட்டது. அன்றைய பாடத்தை மூட்டை கட்டினார். "எல்லாரும் இவனைச் சுத்தி நின்னு கூப்பிடுங்க. இவன் நம்மளப் பாக்காம யாரும் வீட்டுக்குப் போறதில்ல."

மைனா இடப்பக்கம் கூப்பிட்டாள். வேலப்பன் கழுத்தைக் கொஞ்சம் திருப்பினான். அம்மாடி, என்ன வலி! கிளி வலப்பக்கம் கூப்பிட்டான். இன்னும் கொஞ்சம் திரும்பியது. பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம், அழுதவனும் சிரித்துவிட்டான். கடைசியாகச் செவ்வந்தி அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"வேலப்பா, என்னைப் பாக்கவே மாட்டியாடா?"

அவள் குரல் உடைந்திருந்தது. வேலப்பன் அலகை இறுக்கிக்கொண்டு திருப்பினான், திருப்பினான், தலை முழுதாய்ப் பின்பக்கம் வந்துவிட்டது.

"பாத்துட்டேன்டி!" என்று அலறினான்.

அன்று முதல்தான் ஆந்தையின் கண்கள் இருந்த இடத்தில் அசையாமல் நிற்கின்றன. ஆனால் முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் போதும், தலையையே திருப்பி யாரென்று பார்த்துவிடும்.