உச்சியில் பூசாத இடம்

அந்தக் காலத்தில் மனிதருக்கும் விலங்குக்கும் பறவைக்கும் ஒரே பேச்சுதான் இருந்தது. அதனால் ஒருவருடைய குறையை மற்றவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவதும் எளிதாக இருந்தது.

மலைச்சரிவில் தினை விதைத்து வாழ்ந்த மனிதர்களைப் பற்றிக் காட்டில் நல்ல பேச்சே இல்லை. உயரத்தில் வட்டமிடும் பருந்து, புல்லுக்குள் ஓடும் எலியின் வால் நுனியைக் கூட அங்கிருந்தே கண்டுவிடும். "உங்களுக்கும் இரண்டு கண்கள் இருக்கின்றனவே, அவற்றை எதற்கு வைத்திருக்கிறீர்கள்?" என்று அது கேட்கும். ஆந்தையின் காதுகளில் ஒன்று சற்று மேலேயும் மற்றொன்று சற்றுக் கீழேயும் அமைந்தவை. "ஓசை என்பது காற்றின் நடுக்கம். அந்த நடுக்கம் என் எந்தக் காதை முதலில் தொடுகிறது என்பதைக் கொண்டே எலி இருக்கும் இடத்தைச் சொல்வேன். உங்கள் காதுகள் பூச்சூடிக்கொள்ள மட்டும் ஆனவை போலும்" என்று அது சொல்லும். மனிதர்கள் தலைகுனிந்து நடப்பார்கள். சொல்லப்பட்டது உண்மையாக இருக்கும்போது பதில் பேசி என்ன பயன்?

கரடி மட்டும் ஏளனம் செய்யாது. ஆனால் மனிதர்களின் ஒரு வழக்கம் அதற்குச் சற்றும் பிடிக்கவில்லை.

அந்த வழக்கம் இதுதான். தினை முற்றியதும் தாய்மார் எல்லாரும் அறுவடைக்குப் போவார்கள். கைக்குழந்தைகளைச் சரிவின் கீழே ஒரு பாறைக்குடையின் நிழலில் வரிசையாகக் கிடத்திவிட்டுப் போவார்கள். எறும்பும் ஈயும் கொசுவும் அண்டாமலிருக்க, வசம்பைச் சுட்டுக் கரியாக்கி, எண்ணெய் விட்டு அரைத்து, குழந்தைகளின் உடம்பு முழுவதும் பூசிவிடுவார்கள். முகம், கழுத்து, கை, கால், பாதம் என ஓரிடம் விடுவதில்லை. விட்டுவைத்த இடம் ஒன்றே ஒன்று. பச்சைக் குழந்தையின் உச்சியில் எலும்பு இன்னும் கூடாமல், மெத்தென்று துடித்துக்கொண்டிருக்கும் குழி ஒன்று உண்டு அல்லவா? அங்கே விரல் பட்டு அழுந்திவிடக் கூடாது என்பதற்காக, அதைச் சுற்றி ஒரு விரற்கடை இடத்தில் பூச மாட்டார்கள்.

"பெற்ற பிள்ளையின் மேல் வேறொரு நெடியைப் பூசுகிறீர்களே, இது முறையா?" என்று கரடி ஒருமுறை கேட்டது.

"நோயும் கடியும் வராமல் வளர்கிறார்கள். அது போதும்" என்றாள் கோங்கி.

வசம்பு அரைப்பது கோங்கியின் பொறுப்பு. அறுவடை தொடங்கிய நாள் முதல், விடிந்ததும் அவள் வீட்டு முற்றத்தில் அம்மி ஓடத் தொடங்கிவிடும். அவள் கை வசம்பு, சேலை வசம்பு, தலைமயிரிலும் வசம்பு. தம்பி மனைவி பிடவி, அவள் பக்கத்தில் உட்காரும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

"மதினி, நீங்கள் வருவது எனக்கு ஒரு காதம் முன்னாலேயே தெரிந்துவிடுகிறது" என்பாள் பிடவி. "உங்களுக்கு இந்த நெடி தலையை வலிக்கச் செய்யவில்லையா?"

"எந்த நெடி?" என்பாள் கோங்கி.

"வசம்பைத்தான் சொல்கிறேன்."

"எனக்கு ஒன்றும் தெரியவில்லையே."

"உங்கள் மூக்குச் செத்துப் பத்து நாளாகிறது. யாரும் சொல்லவில்லையா?" என்று பிடவி சிரிப்பாள். மற்றப் பெண்களும் சிரிப்பார்கள். கோங்கி அம்மிக்குழவியை உருட்டிக்கொண்டே இருப்பாள்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் பிறந்த குழந்தைகள் ஏழு. ஏழும் ஏறத்தாழ ஒரே வளர்த்தி. கோங்கியின் மகள் தளவி அவர்களுள் ஒருத்தி. மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு கோங்கிக்குத் தங்கிய குழந்தை அவள்.

அறுவடையின் நடுவில் ஒரு நாள் முற்பகல், மலைக்கு மேற்கே மூங்கிற்காடு பற்றிக்கொண்டது. காற்று இறங்குமுகமாக வீசியது. தாய்மார் பச்சைத் தழைகளை ஒடித்துத் தீயை அடித்துக்கொண்டே கீழே ஓடிவந்தார்கள். புகையால் கண் திறக்க முடியவில்லை. கொதிக்கும் தழையைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கைகள் கொப்பளித்துவிட்டன. அவர்கள் பாறைக்குடையை அடைந்தபோது அங்கே குழந்தைகள் இல்லை. விரித்திருந்த தழைப்படுக்கை மட்டும் கருகிக்கொண்டிருந்தது.

கோங்கி அந்தச் சாம்பலின் முன் நின்றாள்.

"இங்கே நின்று என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று மேலிருந்து பருந்து குரல் கொடுத்தது. "ஓடைக்கு அக்கரையில் கரடியின் குகைக்குப் போங்கள். தன் குட்டிகளைச் சுமப்பது போல முதுகில் ஏற்றி ஏழையும் கொண்டுபோய்விட்டது. உங்கள் பிள்ளைகள் மயிரைப் பற்றிக்கொள்வதில் கெட்டிக்காரர்கள்."

ஓடையில் இறங்கி, முகத்தையும் மூக்கையும் கழுவிக்கொண்டு, பெண்கள் குகைவாயிலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். உள்ளே, உலர்ந்த இலைகளின் மேல் ஏழு குழந்தைகள் வரிசையாகக் கிடந்தார்கள். எல்லாரும் தலை முதல் கால் வரை கரிய பூச்சோடு இருந்தார்கள். அழுது அழுது எல்லாருடைய தொண்டையும் கட்டியிருந்தது. கரடி வாயிலில் குறுக்கே அமர்ந்திருந்தது.

பெண்கள் அதன் காலில் விழப் போனார்கள். கரடி பாதத்தை இழுத்துக்கொண்டது.

"நன்றி பிறகு. காட்டில் ஒரு வழக்கம் உண்டு, அதை மனிதருக்காக மாற்ற முடியாது" என்றது. "பிறர் காத்த குட்டியைத் தாய் எடுத்துப்போக வேண்டுமானால், இது என்னுடையது என்று அடையாளம் காட்ட வேண்டும். ஒரே முறை. தவறாகக் காட்டினால், குட்டி காத்தவரிடமே வளரும். தன் பிள்ளையைத் தெரியாதவளிடம் பிள்ளையை எப்படி நம்பிக் கொடுப்பது?"

"ஓடைக்கரையில் அரப்புத் தழை இருக்கிறது. தேய்த்துக் கழுவினால் எண்ணெய்ப் பூச்சுப் போய்விடும். கழுவிவிட்டுச் சொல்கிறோம்" என்றாள் பிடவி.

"கழுவிய பிறகு பருந்துகூடச் சொல்லும். முதலில் நீங்கள் சொல்லுங்கள். அதன்பின் நானே கழுவிச் சரிபார்க்கிறேன்."

பருந்து குகைக்கு எதிரே ஒரு கிளையில் வந்து அமர்ந்தது. உள்ளே இருட்டில் விழித்துக்கொண்டிருந்த ஆந்தை தலையைத் திருப்பியது. இருவரும் வேடிக்கை பார்க்க ஆயத்தமானார்கள்.

முதலில் கோங்கி முன்வந்தாள். தளவியின் இடக்கால் முட்டிக்குப் பின்னால் மிளகளவு மச்சம் இருப்பதை அவள் கரடியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தாள், கழுவிய பிறகு சரிபார்ப்பதற்காக. பிறகு, கரடி விலகி வழிவிட, உள்ளே குழந்தைகளிடம் போனாள்.

கண்ணுக்கு வெளிச்சம் வேண்டும். குகையில் வெளிச்சம் குறைவு. அவள் இமைகளோ புகையால் வீங்கி, நீர் வழிந்துகொண்டிருந்தன. ஏழு கரிய உருண்டைகள் தெரிந்தன. அவற்றுள் மூன்றாவது குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. அவள் மனம் துள்ளியது. கை நீண்டுவிட்டது.

"எடுத்துவிடப் போகிறாள்" என்று பருந்து மெல்லச் சொன்னது. அந்தக் குரலில் இருந்த மகிழ்ச்சி கோங்கியை நிறுத்தியது. சிரிக்கிற குழந்தை எல்லாரையும் பார்த்துத்தான் சிரிக்கும். அவள் கையை மடக்கிக்கொண்டாள்.

கூப்பிட்டுப் பார்த்தாள். ஏழு தொண்டைகளும் ஒரே கரகரப்பில் பதில் கொடுத்தன. தொட்டுப் பார்த்தால் தெரிந்திருக்கும். தளவியின் தோளை அவள் விரல்கள் அறியும். ஆனால் கொப்பளித்த விரலுக்குச் சூடு ஒன்றைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

"நக்கிப் பார்க்கலாமே. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்" என்றது ஆந்தை.

"ஏழு பேரும் வசம்பாகத்தான் கசப்பார்கள்" என்றாள் கோங்கி. "ஆந்தையாரே, நீங்கள் எப்போது நக்கிப் பார்த்தீர்கள்? உங்களுக்கு இருப்பது அலகு."

பிடவிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. கரடியும் உதட்டைச் சுழித்துக்கொண்டது. ஆனால் விதியைத் தளர்த்தவில்லை.

"மோந்து பார்க்க வேண்டியதுதானே?" என்று பருந்து கேட்டது.

"இந்தக் குகையிலா?" என்றது கரடி. "என் மூக்கே இங்கே திணறுகிறது. ஏழு பேரைச் சுமந்ததிலிருந்து வசம்பைத் தவிர எனக்கு வேறெதுவும் மணக்கவில்லை. அதனால்தான் நான் என் குட்டிகளை ஒருநாளும் எதையும் பூசி மறைப்பதில்லை. இந்தப் பெண்ணின் மூக்கு என் மூக்கில் நூற்றில் ஒரு பங்குகூட இராது."

கோங்கி நிமிர்ந்தாள்.

"நீங்கள் சொல்வது எந்த நெடி?" என்று கேட்டாள்.

பெண்கள் அவளைத் திகைப்போடு பார்த்தார்கள். பிடவிக்குத்தான் முதலில் விளங்கியது. வீட்டு முற்றத்தில் தான் சிரித்துச் சிரித்துச் சொன்னதெல்லாம் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

"மதினி," என்றாள், "உங்கள் மூக்குக்கு வசம்பு தெரிவதே இல்லை."

மூக்கின் இயல்பு இதுதான். நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது. ஒவ்வொரு பொருளிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் கிளம்பிக் காற்றில் ஏறி வருகின்றன. மூக்கின் உள்ளே ஈரம் காயாத ஓர் இடம் உண்டு. துகள்கள் அங்கே ஒட்டிக் கரையும்போது மணம் தெரிகிறது. ஆனால் ஒரே மணம் ஓயாமல் வந்துகொண்டிருந்தால் மூக்கு அதைப் பற்றிச் சொல்வதை நிறுத்திவிடும். சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தால் புதிதாக வருவதை யார் சொல்வது? கோங்கியின் மூக்குச் சாகவில்லை. வசம்பை ஒதுக்கிவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் விழித்திருந்தது.

அவள் மண்டியிட்டாள். முதல் குழந்தையின் உச்சியில், பூசாமல் விட்ட அந்த ஒரு விரற்கடை இடத்தில், மூக்கை வைத்தாள். தோலின் சூடும் பாலின் இனிப்பும் வந்தன. ஆனால் இது அவளுடையதல்ல. இரண்டாவது, ஈரமண் போன்றது. சிரித்த மூன்றாவதில், புளித்த பழத்தின் சாயல். கண்களை மூடிக்கொண்டு மெதுவாக நகர்ந்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

ஐந்தாவது குழந்தையிடம் அவள் நின்றாள். மீண்டும் ஒருமுறை மூச்சை இழுத்தாள். பெற்ற அன்று, தொப்புள்கொடி அறுத்துக் கையில் கொடுத்த கணம், அப்படியே திரும்ப வந்தது. அந்தக் குடிலின் ஈரச் சுவர், வெளியே பெய்த மழை, மார்பில் விழுந்த சின்னப் பாரம். கண்ணும் காதும் அதைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் என்று தெரியாது. மூக்கு ஒரே மூச்சில் சொல்லிவிட்டது.

"இவள் என் மகள்" என்றாள்.

கரடி குழந்தையை வாங்கி ஓடைக்குக் கொண்டுபோய், அரப்புத் தழையைக் கசக்கித் தேய்த்துக் கழுவியது. இடக்காலைத் தூக்கிப் பார்த்தது. முட்டிக்குப் பின்னால் மிளகளவில் மச்சம் இருந்தது.

கரடி குகைக்குத் திரும்பி வந்தது. பின்பு குழந்தையைக் கோங்கியின் மடியில் வைத்தது.

"என்னால் முடியாதது இது" என்றது. அவ்வளவு பெரிய மிருகம் அவ்வளவு எளிதாக அதை ஒப்புக்கொண்டதைக் கேட்டுப் பருந்து இறகைக் கோதுவது போலத் தலையைத் தாழ்த்திக்கொண்டது.

ஆனால் மற்ற ஆறு தாய்மாருக்கும் வசம்பு நெடி உறைத்துக்கொண்டேதான் இருந்தது. பிடவி அழுதேவிட்டாள். "எங்கள் மூக்கு உயிரோடு இருக்கிறதே, மதினி."

"அதையும் கொஞ்சம் சாகவிடலாம், உட்கார்" என்றாள் கோங்கி. தன் சேலைத் தலைப்பைக் கிழித்து ஆறு துண்டாக்கி, ஒவ்வொருத்தி முகத்திலும் ஒரு துண்டை வைத்தாள். "இந்த மணத்தையே இழுத்துக்கொண்டிருங்கள். எழுந்திருக்கக் கூடாது, பேசக் கூடாது. வசம்பு மறைந்த பிறகு சொல்லுங்கள்."

பிடவிக்குப் பேசாமலிருப்பது பெரிய தண்டனை. ஆனாலும் இருந்தாள். வெயில் ஒரு மரத்தளவு சாய்ந்தபோது, "எந்த நெடி?" என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள்.

ஒருத்தி பின் ஒருத்தியாக ஆறு பேரும் மண்டியிட்டு உச்சி முகர்ந்தார்கள். கரடி கழுவிப் பார்த்ததில் ஆறு பேரும் சரியாகவே சொல்லியிருந்தார்கள். பிடவியின் மகன், எல்லாரையும் பார்த்துச் சிரித்த அந்த மூன்றாவது குழந்தை. "என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக இருந்தீர்களே, மதினி" என்றாள் அவள்.

"புளித்த பழத்தை யார் தூக்குவார்கள்?" என்றாள் கோங்கி.

அவர்கள் குழந்தைகளை ஏந்திக்கொண்டு குகையைவிட்டு இறங்கியபோது, பருந்து வழிவிட்டுப் பறந்தது. ஆந்தை அவர்களுடைய காதுகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மனிதப் பெண்கள் அந்த மலைவழியில் தலை நிமிர்ந்து நடந்தது அதுவே முதல் தடவை.

பிள்ளையின் மேல் பிற நெடியைப் பூசி மூடுவதை அந்த மக்கள் அத்தோடு விட்டுவிட்டார்கள். வசம்பைச் சிறு மணிகளாக நறுக்கி, நூலில் கோத்து, மணிக்கட்டில் மட்டும் கட்டினார்கள். தாய் எவளும் தன் குழந்தையைக் கையில் வாங்கியதும், முத்தமிடுவதற்கும் முன்னால், உச்சியை முகர்ந்து பார்ப்பதும் அன்று முதல்தான். வெளியூர் போன மகன் தாயைவிட இரண்டு சாண் உயர்ந்து திரும்பி வந்தாலும், இவன் என்னுடையவன் என்று அவள் மூக்கு சொல்லும் வரை, அவன் வாயிற்படியில் தலைகுனிந்து நிற்கத்தான் வேண்டும்.