ஆவுளியா பார்க்க வந்த ராஜா

பெரிய அலை எழாத பெண்கடல் ஓரத்திலே, மணலும் காற்றும் சரிபாதியாகக் குடியிருந்த ஓர் ஊரிலே, நம்புசாமி என்று ஒருவன் இருந்தான். ஒரு வத்தை, அதாவது சின்னப் படகு, அதுதான் அவன் சொத்து. ஊரார் அவனை மந்தன் என்பார்கள். ஏன் தெரியுமா? கடலில் ஆவுளியா தலை தெரிந்தால் எல்லாரும் அடித்துப் பிடித்துக்கொண்டு கிட்டே போவார்கள். இவன் மூன்று கயிறு நீளத் தூரத்திலேயே பாயை இறக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிடுவான்.

ஆவுளியா தெரியாதா? கடல் பசு. கடலுக்கடியில் புல் மேயும், குட்டிக்குப் பால் கொடுக்கும், ஆனால் மூச்சு வாங்க நம்மைப் போல மேலே வந்தாக வேண்டும். "அது மூச்சு வாங்குற வழியில நாம நிக்கலாமா?" என்பான் நம்புசாமி.

யானை பார்த்தாச்சு, புலி பார்த்தாச்சு, கடல் பசுவைப் பார்க்கவில்லையே என்று அந்த நாட்டு ராஜா ஒருநாள் தன் படைத்தலைவர் தளவாயோடு வந்து இறங்கினார். அது மூச்சு வாங்க வரும் இடம் தெரிந்தவன் இவன்தான் என்று ஊரார் நம்புசாமியைக் காட்டினார்கள்.

"காட்டுறேன் சாமி. ஆனா ஒரே வத்தைதான் போகணும். சத்தம் கூடாது. கொஞ்ச நேரத்துல திரும்பிடணும்."

தளவாய்க்கு மீசை துடித்தது. "ராஜாவையே வாயை மூடச் சொல்றியாடா? என் வழியில நான் காட்டுறேன். நீ இடத்தை மட்டும் காட்டு. மூணு நாளைக்குள்ள ராஜா ஆவுளியாவைப் பார்க்கலேன்னா, உன் வத்தை அரண்மனை அடுப்புக்கு விறகு!"

அது எந்த ஊர் நியாயமோ! நம்புசாமி தலையைச் சொறிந்துகொண்டு இடத்தைக் காட்டினான்.

முதல் நாள் பத்துப் படகு, பத்து முரசு. டமடமவென்று போனார்கள். கலங்கின தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

இரண்டாம் நாள் இருபது படகு. பசுதானே என்று தளவாய் அகத்திக்கீரையைக் கட்டுக் கட்டாகக் கடலில் வீசினார். கீரை மிதந்தது. ஆவுளியா வரவில்லை.

மூன்றாம் நாள் முப்பது படகு. ராஜாவுக்கு முரசுச் சத்தத்தில் காது அடைத்துவிட்டது. "நான் இந்த மந்தன் வத்தையிலேயே வர்றேன்" என்று ஏறிக்கொண்டார். படகெல்லாம் வட்டம் கட்டின. நடுவிலே ஒரு குட்டி மாட்டிக்கொண்டது. தலை தூக்கினால் முரசு. முங்கினால் மூச்சில்லை. தாய் வட்டத்துக்கு வெளியே தவித்துச் சுற்றியது.

நம்புசாமிக்குத் தன் வத்தை விறகாகப் போவதே மறந்துபோனது.

"தளவாய் ஐயா! இந்தப் பொடிசை எதுக்கு மறிக்கிறீங்க? கிழக்கே கருப்பா, மலையாட்டம் தெரியுதே, அது என்ன?"

"ஆகா! அதுதான் பெரிசு! விடாதே, அடி முரசை!" என்று தளவாய் படகை விரட்டினார். மற்றப் படகெல்லாம் பின்னாலே ஓடின.

கடலும் அமைதியானது. நம்புசாமி வத்தை தள்ளும் கம்பைத் தண்ணீரிலிருந்து மேலே எடுத்துவிட்டான். ராஜா அசையவில்லை. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, மூன்றாம் மூச்சுக்குத் தாய் ஆவுளியா குட்டியை ஒட்டிக்கொண்டு மேலே வந்தது. இரண்டும் 'புஸ்' என்று மூச்சு விட்டன. தாய் குட்டியைப் பக்கத்தில் அணைத்துக்கொண்டது. ராஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் கிட்டே?" என்று கிசுகிசுத்தார்.

"போதும் சாமி. விருந்தாளிக்கு எப்ப எந்திரிக்கணும்னு தெரியணும்."

அங்கே கிழக்கே தெரிந்த கருப்பு வெறும் புல்திட்டு. கடல் வற்றுகிற நேரம் வேறு. தளவாயின் பெரிய படகு சேற்றில் நச்சென்று உட்கார்ந்தது. மற்றவர்கள் தப்பித் திரும்பிவிட்டார்கள். தண்ணீர் ஏறும்வரை தளவாய் வெயிலிலே உட்கார வேண்டியதுதான்.

சேதி ஊருக்குப் போனது. ஊரே படகு கட்டி வந்தது. சுற்றி வளைத்து நின்று முரசடித்தார்கள். மிச்சமிருந்த அகத்திக்கீரையைக் கட்டுக் கட்டாக அவர் மடியில் வீசினார்கள்.

"தின்னுங்க ஐயா, தின்னுங்க!"

"விலகுங்கடா! மூச்சு முட்டுதுடா!" என்று தளவாய் அலறினார்.

வத்தையில் ராஜாவோடு வந்து சேர்ந்த நம்புசாமி கையைத் தூக்கினான்.

"மூணு கயிறு தள்ளி நில்லுங்கப்பா. ஐயா மூச்சு வாங்கட்டும்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். ஆவுளியாவுக்கு மூன்று கயிறு தள்ளித்தான் படகு நிற்கணும் என்பது அன்றைக்கு அவர் போட்ட சட்டம்தான். தளவாய் கரையேறினார், வத்தை விறகாகாமல் மிதந்தது, குட்டி பால் குடித்தது, நம்ம கதையும் பாயை இறக்கியாச்சு.