ஆடி அடங்காத குண்டு

கோபத்தோடுதான் இந்தக் கதையைச் சொல்கிறேன். கேட்டு முடித்ததும் நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். "இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது" என்று நழுவக் கூடாது.

கன்னியாகுமரிக் கடற்கரைக்குப் போகும் வழியில் செல்லத்துரையின் விளையாட்டுக் கூடம் இருந்தது. எத்தனை மெஷின்கள் இருந்தாலும் கூட்டம் மொய்ப்பது ஒரு பழைய பின்பால் மெஷினைத்தான். கண்ணாடிக்கு அடியில் வளையம் போட்ட கிரகம், ராக்கெட், சிவப்புக் கண்ணுடன் ஓர் இரும்பு மனிதன். கம்பியை இழுத்துவிட்டால் எஃகுப் பந்து மேலே பாயும். சரிந்து வரும் பந்தை, பொத்தானைத் தட்டித் துடுப்புகளால் மறுபடி மேலே அடிக்க வேண்டும். பந்து குழியில் விழுந்தால் இரும்பு மனிதன் கரகரவென்று சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கேட்டவர்கள் சும்மா வீட்டுக்குப் போனதில்லை. இன்னொரு ஆட்டம் கேட்பார்கள்.

மெஷினுக்குள் ஊசல்போல ஓர் இரும்புக் குண்டு தொங்கியது. யாராவது உலுக்கினால் அது ஆடி, தன்னைச் சுற்றியுள்ள வளையத்தில் முட்டும். உடனே விளக்குகள் அணைந்துவிடும், துடுப்புகள் அசையாது, ஆட்டத்தில் இருக்கும் பந்து போனதுதான். குண்டு ஆடி அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். "உலுக்கியவர் பந்தை இழப்பார்" என்று சுவரில் செல்லத்துரையே எழுதிவைத்திருந்தார்.

கூடத்துக்குள் ஒரு சிறு கடை காலியானது. கூடையில் மாங்காய் விற்கும் ஜெசிந்தா அதைக் கேட்டாள். வெயிலில் இரண்டு முறை மயங்கி விழுந்தவள். தெருவில் கூலிங் கிளாஸ் விற்று, போலீஸ் விரட்டி விரட்டி அலுத்துப்போன அடைக்கலமும் கேட்டான்.

"ஒருத்தருக்குக் குடுத்தா மத்தவர் எனக்க சட்டையைப் பிடிப்பீங்க. மெஷின்ல ஜெயிச்சவருக்குக் கடை," என்றார் செல்லத்துரை.

இருவரும் அதில் கைதேர்ந்தவர்கள். ஆளுக்கு மூன்று பந்து. முதலில் அடைக்கலம், அடுத்து ஜெசிந்தா, மாறி மாறி.

இரண்டாம் பந்தில் ஜெசிந்தா பதற்றத்தில் மெஷினை இடித்துவிட்டாள். விளக்குகள் அணைந்தன. விலகி நின்றாள். அடுத்து ஆட வேண்டிய அடைக்கலம் கம்பியைத் தொடவில்லை. ஒரு சோடாவை உடைத்து மெல்லக் குடித்தான்.

"குண்டு அடங்கட்டும் அண்ணாச்சி."

"நிதானமா ஆடுலே," என்றார் செல்லத்துரை.

அவனுடைய கடைசிப் பந்து நன்றாக ஓடிக் குழியில் விழுந்தது. இரும்பு மனிதன் சிரித்தான்.

"சிரிக்கியாலே!" என்று மெஷினின் பக்கவாட்டில் ஓங்கி ஒரு குத்து விட்டான் அடைக்கலம். அவன் பந்துதான் முடிந்துவிட்டதே. அவனுக்கு ஒன்றும் குறையவில்லை.

இனி ஜெசிந்தாவின் கடைசிப் பந்து. புள்ளிகளில் கொஞ்சம்தான் பின்தங்கியிருந்தாள்.

"ஒரு நிமிஷம் பொறுங்க அண்ணாச்சி."

"என்னத்தப் பொறுக்கது? பஸ்ல வந்த ஆளுங்க காத்து நிக்காங்க. இழு!"

இழுத்தாள். பந்து கிரகத்தை எட்டுவதற்குள் குண்டு வளையத்தில் முட்டியது. எல்லாம் இருண்டது. அசையாத துடுப்புகளுக்கு நடுவே பந்து உருண்டு மறைந்தது.

"நான் கம்பியை மட்டும்தாம்ல தொட்டேன்!" என்று கத்தினாள்.

"எனக்க ஆட்டம் முடிஞ்ச பொறவுதான குத்துனேன்? உங்களுக்க பந்துல கை வச்சேனா எக்கா?" என்றான் அடைக்கலம்.

"மெஷினுக்கு ஆளு தெரியாது. அணைஞ்சா அணைஞ்சதுதான்," என்று கடைச் சாவியை அவனிடம் நீட்டினார் செல்லத்துரை.

"கடையைத் தாங்கன்னு கேக்கல அண்ணாச்சி. எனக்க பந்தைத் தாங்க."

சொல்லுங்கள், இந்த மூவரில் யார் பேசியது நியாயம்? அந்தச் சாவி யாரிடம் போக வேண்டும்?

விடை: ஜெசிந்தா கேட்டதுதான் நியாயம். உலுக்கியவர் இழப்பார் என்பது சட்டம். உலுக்கியவன் ஒருவன், இழந்தவள் வேறொருத்தி. தெரியாமல் செய்தேன் என்று அடைக்கலம் சொல்ல முடியாது. குண்டு அடங்கட்டும் என்று சோடா குடித்தவன் அவன்தான். ஆனால் அவனாவது ஆத்திரத்தில் குத்தினான். செல்லத்துரைக்கு என்ன ஆத்திரம்? அவனுக்குக் கொடுத்த நேரத்தை இவளுக்கு ஏன் கொடுக்கவில்லை? மெஷினுக்கு ஆள் தெரியாதாம்! அவருக்குத் தெரிந்ததே. சாவி இப்போது யாரிடமும் போகக் கூடாது. குண்டு அடங்கியபின் அவள் தன் பந்தை ஆட வேண்டும். அதில் தோற்றால், இரும்பு மனிதன் தாராளமாகச் சிரித்துக்கொள்ளட்டும்.