தெய்வானை வைத்த கல்

"இன்னும் எத்தனை தடவைதான் என்னைப் பாதி வழியில திருப்பிக் கூட்டிட்டு வருவீங்கம்மா?"

கேட்டவர் தணிகாசலம் கொத்தனார். வயது அறுபத்திரண்டு. கேட்கப்பட்டவள் மாசாணி. அவளுக்கு நாற்பது இருந்தால் அதிகம்.

குருவுக்குத் தாடி வேண்டும் என்று யார் சொன்னது? கூதமலை அடிவாரத்தில் மாசாணியைத்தான் குரு என்கிறார்கள். மலையேற வருகிறவர்களைக் கூட்டிப் போவாள். அவர்கள் போட்ட குப்பையைச் சுமந்துகொண்டு இறங்குவாள். அவள் உபதேசம் அவ்வளவுதான்.

"நீங்க வந்த தடம் தெரியாம என்னிக்கு வர்றீங்களோ, அன்னிக்கு உச்சிக்குக் கூட்டிப் போறேன் பெரியவரே."

பாதி மலையில் ஒரு தட்டைப் பாறை உண்டு. அங்கே நின்று மாசாணி திரும்பிப் பார்ப்பாள். அதுதான் பரீட்சை.

முதல் தடவை, வழியெல்லாம் ஆரஞ்சுத் தோல்.

"மக்கிப் போற சாமான்தானேம்மா?"

"உங்க ஊர் வெயில்ல மக்கும். இந்தக் குளிர்ல கிடையாக் கிடக்கும். திரும்புங்க."

இரண்டாம் தடவை, வளைவைச் சுற்றச் சோம்பல்பட்டுப் புல்லுக்குள் குறுக்கே ஏறினார்.

"ஒரு ஆள் போனா புல்லு சாயும். நூறு ஆள் போனா அதுவே ஓடை. திரும்புங்க."

மூன்றாம் தடவை, சுனையில் சோப்புப் போட்டுக் கை கழுவினார். அன்றைக்குப் பாறைவரைகூடப் போகவில்லை.

நான்காம் தடவை எல்லாம் சரியாகத்தான் வந்தது. பாறைமேல் நின்றவருக்கு என்ன ஆனதோ, வாய்க்கு இரண்டு கையையும் குவித்துக் கத்திவிட்டார்.

"தெய்வானை!"

மலை மூன்று முறை திருப்பிச் சொன்னது. கீழே சோலையில் பறவைகள் கலைந்து எழும்பின. ஒரு கடமான் குட்டியை விட்டுவிட்டு ஓடியது.

"திரும்புங்க" என்றாள் மாசாணி. கல்நெஞ்சக்காரி!

அப்படித் திரும்பி வந்துதான், அடிவாரத்தில் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பதில் சொல்லிவிட்டு மாசாணி, "தெய்வானை யாரு?" என்றாள்.

"என் வீட்டுக்காரி."

அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

"ஊர்ல பாதி வீடு நான் கட்டினது. எங்களுக்குன்னு ஒரு சுவர் கிடையாது. உச்சியில கல்லுமேல கல்லு அடுக்கி வேண்டிக்கிட்டா வீடு அமையும்னு சொல்வாங்கல்ல? இருபது வருஷம் முன்னாடி ரெண்டு பேரும் ஏறி வந்தோம். ஆறு கல்லு நான் வச்சேன். ஏழாவதை அவ பிடுங்கிக்கிட்டா. மேல் கல்லு நான்தான்யா வைப்பேன்னு ஒரே அடம்."

"வீடு அமைஞ்சுதா?"

"அமைஞ்சுது. போன பங்குனியில அவ போயிட்டா."

மாசாணி தலை குனிந்தாள்.

"அந்த வீட்டுல ஒவ்வொரு கல்லும் என் கைதாம்மா வச்சுது. அவ கையால வச்ச கல்லு ஒண்ணே ஒண்ணு. அது மேல இருக்கு. எனக்கு அது வேணும்."

அவர் இடுப்பில் ஒரு மஞ்சள் பை மடித்துச் செருகியிருந்தது. நான்கு தடவையும் இருந்தது. அது எதற்கென்று மாசாணிக்கு இப்போது புரிந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள்; சொல்லவில்லை.

"நாளன்னிக்குக் காலையில வாங்க" என்றாள்.

ஐந்தாம் தடவை. பாறைமேல் நின்று மாசாணி திரும்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு முன்னால் நடந்தாள்.

உச்சிச் சரிவு முழுக்கக் கல். தரையோடு தரையாகக் கிடந்தன. அடுக்கி வைத்த கல் ஒன்றுகூட இல்லை.

"எங்கம்மா?"

"பிரிச்சுட்டேன்."

"என்னது?"

"நான் இந்த மலைக்கு வந்து பதினாலு வருஷமாச்சு. அப்ப இங்க கால் வைக்க இடமில்லாம அடுக்கி இருந்தாங்க. எடுத்த கல்லுக்கெல்லாம் ஒரு குழி. மழை பேஞ்சா குழி வழியா மண்ணு கரைஞ்சு ஓடுது. ஒவ்வொரு கல்லா எடுத்து, எந்தக் குழியில உட்காருதுன்னு வச்சு வச்சுப் பாத்து, எடுத்த இடத்துலயே சேத்தேன். சேத்து முடிக்க மூணு வருஷம் பிடிச்சுது."

கொத்தனார் வெடித்தார்.

"நாசமாப் போறவளே! உனக்கு யாரு அதிகாரம் குடுத்தா? அது என் பொண்டாட்டி கைடி!"

மாசாணி அசையவில்லை. அவள் கண் நிறைந்துவிட்டது.

"அன்னிக்கே சொல்லியிருக்கணும் பெரியவரே. வாய் வரல. தப்புதான்."

"அவ வச்சது எது? அதையாவது சொல்லு."

"தெரியாது. இங்கதான் எங்கேயோ இருக்கு."

தட்டிப் பார்த்தே கல்லின் தரம் சொல்கிற மனிதர் அவர். சரிவில் இறங்கித் தேடினார். ஒரு கல்லைப் புரட்டினார். அடியில் ஈரத்தில் ஒரு தேள், முதுகு நிறையக் குஞ்சுகளோடு. நசுங்காமல் மெல்ல மூடி வைத்தார்.

இன்னொன்றைப் புரட்டினார். ஒரு சின்னத் தவளை கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. அதையும் மூடினார்.

மூன்றாவது கல்லைப் புரட்டவில்லை. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எதுடி, தெய்வானை?"

இந்தத் தடவை மெதுவாகத்தான் கேட்டார். மலை திருப்பிச் சொல்லவில்லை. அழுதார், நன்றாக அழுதார். மாசாணி தள்ளி நின்றாள்.

வெயில் சாய்ந்தபோது எழுந்தார். இடுப்பிலிருந்து மஞ்சள் பையை எடுத்தார். செருப்பைக் கழற்றி அதில் போட்டுக்கொண்டார். வெறுங்காலோடு, ஒவ்வொரு அடியாகப் பார்த்துப் பார்த்து, கல்லுக்குக் கல் இடைவெளியில் கால் வைத்து இறங்கினார்.

எதிரே ஒரு கூட்டம் ஏறி வந்தது. முன்னால் வந்த தடித்த ஆசாமி, கல்லுக்குக் கல் தாவி வந்தார்.

"என்னங்க, கால்ல முள்ளா?"

"முள்ளு இல்லீங்க. கொஞ்சம் பாத்து மிதிங்க. என் வீட்டுக்காரி வச்ச கல்லு இங்க கிடக்கு."

"அடடா! எதுங்க?"

"தெரியலீங்க" என்றார் தணிகாசலம்.

அந்த ஆசாமி, தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றார்.