பன்னிரண்டு கால் சிம்மாசனம்

நெடுமேடு என்று ஒரு நாடு. அதற்கு வீரகேசரன் என்று ஒரு ராஜா. மகா கோபக்காரர். ஆனால் நாட்டை ஆண்டது அவர் இல்லை, அவருடைய நாற்காலி. சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். யாரும் வாய் திறந்து சம்மதம் சொல்ல வேண்டாம். ஆசனத்தில் இருப்பவர் தலை அசைந்தால் போதும், ஓலைக்காரர் எழுதிவிடுவார். எழுதியதை யாராலும் அழிக்க முடியாது.

புதுச் சிம்மாசனம் வந்த அன்றே பக்கத்து வடகரை நாட்டுத் தூதர் வந்து நின்றார்.

"மூன்று கிராமங்கள் எங்களுக்குத் தருவீர்களா?"

சிம்மாசனம் 'டக்' என்று ஆடியது. ராஜாவின் தலையும் ஆடியது. போயிற்று மூன்று கிராமம்.

"நாளை மறுநாள் பெரிய ஏரியைக் கேட்க வருகிறானாம்!" ராஜா கத்தினார். "மறுபடி இது ஆடினால், மாடக்கண்ணு, உன் தலை உன் கழுத்தில் இருக்காது!"

சிம்மாசனத்தைச் செய்த தச்சர் மாடக்கண்ணு குனிந்து கால்களைத் தட்டிக் காட்டினார். "சாமி, நாலு காலும் ஒரே அளவுதான். தரைதான் மேடும் பள்ளமுமாக..."

"என் தாத்தா போட்ட தரையையா குறை சொல்கிறாய்?"

ஆக, தரையில் கை வைக்க முடியாது.

அமைச்சர் பிரமாதிராயர் முன்னால் வந்தார். "பிரபு, கால் போதவில்லை. ஆறாக்குவோம்."

ஆறாக்கினார்கள். டக் டக். எட்டாக்கினார்கள். டக் டக் டக். பன்னிரண்டு வைத்த பிறகு, மரவட்டை மேல் ஏறியவர் மாதிரி ராஜா உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்துச் சமையற்காரர் வந்து, "ராத்திரிக்கும் பாகற்காயா, பிரபு?" என்று கேட்டுத் தொலைத்தார். டக். எழுதியாயிற்று. பாகற்காய்தான்.

ராஜாவைச் சிரிக்கவைக்கச் சம்பளம் வாங்கும் சாத்தப்பன், வழக்கம்போல எல்லாம் நடந்து முடிந்த பிறகு வந்து சேர்ந்தார்.

"மூன்று கால் போதும், பிரபு."

ராயர் இளித்தார். "பன்னிரண்டிலேயே நிற்காதது மூன்றில் நிற்குமோ?"

"உங்கள் வீட்டு அடுப்பில் எத்தனை கல், ராயரே?"

ராயர் விரல் விட்டு எண்ணப் பார்த்தார். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால்தானே தெரியும்!

"மூன்று. தரை எவ்வளவு கோணலானாலும் மூன்றும் தொட்டே தீரும். ஆடுகிற சுதந்திரமே கிடையாது. நாலாவது வந்தால், இன்றைக்கு யாருக்கு ஓய்வு என்று ஒன்று மாற்றி ஒன்று காலைத் தூக்கிக்கொள்ளும். பன்னிரண்டு இருந்தால் ஒன்பது வேலைக்கே வராது. நம் அமைச்சர்கள் மாதிரி."

"கவிழ்ந்துவிட்டால்?" என்றார் ராஜா.

"காலை அகட்டி வைக்கச் சொல்லுங்கள். பழைய ஆசனம் மட்டும் இருக்கட்டும், விறகாக்கிவிடாதீர்கள்."

மாடக்கண்ணு மூன்று காலில் புதிதாகச் செய்து வைத்தார். ராஜா அதன்மேல் குதித்தே பார்த்தார். அசையவில்லை.

தூதர் வந்தார். சாத்தப்பன் ஓடிப்போய் வரவேற்றார். "உட்காருங்கள் தூதரே. எங்கள் ராஜாவே உட்கார்ந்த ஆசனம்!"

தூதருக்குப் பெருமை தாங்கவில்லை. பன்னிரண்டு காலின் மேல் மெல்ல அமர்ந்தார். "பெரிய ஏரியைத் தருவீர்களா?"

ராஜா பிள்ளையார் மாதிரி இருந்தார். எல்லோரும் அவர் தலையையே பார்த்தார்கள். தூணுக்குப் பின்னால் மாடக்கண்ணு தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிரீடத்தில் ஒரு மணிகூட ஆடவில்லை.

"அது கிடக்கட்டும்," என்றார் சாத்தப்பன். "வாங்கிய மூன்று கிராமத்தையும் திருப்பித் தருகிறீர்களா?"

"என்ன உளறல்!" தூதர் துள்ளினார்.

டக். தலை ஆடியது. டக் டக் டக். நிறுத்தப் பார்த்தார், இன்னும் வேகமாக ஆடியது.

"நாலு தடவை சம்மதம்," என்று ஓலைக்காரர் எழுதினார்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அப்போதும் அவர் சிம்மாசனம் ஆடவில்லை. மாடக்கண்ணுவுக்குப் பட்டுச் சால்வை போர்த்திவிட்டு, "உனக்கு என்ன வேண்டும், சாத்தப்பா?" என்றார்.

"எனக்கு ஒன்றும் வேண்டாம், பிரபு. அந்தப் பன்னிரண்டு கால் ஆசனத்தை நம் ராயருக்குக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் என்ன சொன்னாலும் தலையை ஆட்டி ஆட்டி, பாவம், அவருக்குக் கழுத்து வலி. இனி அந்த வேலையை நாற்காலி பார்த்துக்கொள்ளும்."