கண்ணில்லாத மூடுபனி

பகலிலும் இருண்டு கிடக்கும் ஒரு சோலைக்காட்டில், சதுப்புக் குளத்தோரம் காட்டுப்பன்றிகள் வாழ்ந்தன. மழைக்காலம் வந்தால் குளத்திலிருந்து மூடுபனி எழும். அது வெறும் பனியல்ல, நோய். மூச்சோடு உள்ளே போய்விடும்.

அதைத் தடுக்க முள்ளம்பன்றி வைத்தியச்சி இருந்தாள். நோயுற்றவரின் சளியில் ஒரு துளி எடுப்பாள். கசப்புச் சாற்றில் ஊறப்போட்டு நோயைச் சாகடிப்பாள். அதில் தன் முள்ளைத் தோய்த்து எல்லோருக்கும் ஒரு குத்து!

"செத்த நோயை ஒருதரம் பார்த்த உடம்பு, உயிருள்ளது வந்தா விரட்டிடும்," என்பாள். "ஆனா எத்தனை வகை இருக்கோ அத்தனையும் மருந்தில் சேரணும்!"

அந்த மழைக்கு முன்னால் அவள் புதர் புதராகப் போனாள். "போன வருஷத்துத் துளி என்கிட்ட இருக்கு. புதுசா யாருக்காவது வந்திருக்கா?"

கூடவே வந்த தலைவன் கோரைப்பல்லன் உறுமினான். "எவனாவது இருமினான்னா காட்டை விட்டே துரத்திடுவேன்!"

தாய்ப்பன்றி செவத்தி மூங்கில் புதரை மறைத்து நின்றாள். அவளுடைய கடைக்குட்டி மூங்கிலுக்குப் பின்னால், குளத்தில் புரண்டு வந்ததிலிருந்து புதுவித நோயில் காது நீலம் பாரித்துக் கிடந்தது. துரத்திவிட்டால் அந்தப் பச்சை உயிர் எங்கே போகும்?

"உன் பிள்ளைங்க சுகமா, தாயீ?" என்று கேட்டாள் வைத்தியச்சி.

"கடவுள் புண்ணியத்துல எல்லாரும் சுகம்மா!"

அதனால் பழைய துளி மட்டுமே மருந்தாயிற்று.

பனி எழுந்தது. முதலில் வந்ததற்குச் சிவந்த கண்கள். பன்றிகளின் உடம்பு அதை அடையாளம் கண்டு சிலிர்த்தது. அது திரும்பிவிட்டது. அதன் பின்னால் சத்தமே இல்லாமல் இன்னொன்று வந்தது. அதற்குக் கண்ணே இல்லை. தடவித் தடவி வந்து கோரைப்பல்லனின் மூக்கில் நுழைந்தது.

"நான்தான் குத்திக்கிட்டேனே!" என்று அலறினான்.

"அது என் அண்ணனுக்கு," என்றது பனி, அவன் தொண்டைக்குள்ளிருந்தே. "என்னைப் பற்றி யாரும் சொல்லலையே! நீ சொல்லவிட்டாத்தானே?"

விடிந்ததும் அவன் இருமினான். கூட்டம் அவனையே பார்த்தது. காதெல்லாம் நீலமாக, தலை குனிந்து காட்டின் எல்லையை நோக்கி நடந்தான்.

செவத்தியால் தாங்க முடியவில்லை. குட்டியை வாயில் கவ்வி வந்து அவன் வழியில் போட்டாள்.

"எங்கே போறீங்க அண்ணே? என் பிள்ளைக்கும் இதேதான். பயந்து மறைச்சுட்டேன். வாங்க, நடுவுல வந்து படுங்க."

கோரைப்பல்லன் அழுதான். "வைத்தியச்சி! என்கிட்டயும் ஒரு துளி எடுத்துக்கோ!"

இரண்டு துளிகளும் பழையதோடு சேர்ந்தன. அடுத்த பனி எழுமுன் எல்லோருக்கும் குத்தி முடிந்தது. கண்ணில்லாதது மறுபடி வந்தது. ஒவ்வொரு மூக்காகத் தடவிப் பார்த்தது. எங்கும் வழி கிடைக்காமல் குளத்துக்குள் இறங்கியது. குட்டி பிழைத்தது. குத்துக்கு முன்பே நோய் முற்றிவிட்ட கோரைப்பல்லன் மட்டும், கூட்டத்தின் கதகதப்புக்கு நடுவில், எழுந்திருக்கவே இல்லை.

நோயாளியைத் துரத்தும் இடத்தில் நோய் ஒளிந்து வளரும். அன்பாய் விசாரிக்கும் இடத்தில்தான் மருந்து முழுமையாகும்.